நடக்கிறவர் கடைசி

பதினொரு வருஷமாக நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து லிஸ்ட் போடுகிறவன். தரை துடைக்கிற அம்மாவிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வரை எல்லாரும் என்னை லிஸ்ட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு ஆபரேஷன் என்பதை டாக்டர் முடிவு செய்வார். எந்த நாள், எத்தனை மணி, யாருக்குப் பின்னால் என்பதை நான் முடிவு செய்வேன். பார்க்கப்போனால் இரண்டாவதுதான் பெரிய முடிவு.

லிஸ்ட்டில் இரண்டு பத்திகள் உண்டு. இடது பக்கம், முன்பே தேதி வாங்கியவர்கள். வலது பக்கம், அவசரம். அவசரத்துக்குள்ளேயும் ஒரு வரிசை வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்: ரத்தம் போகிறவர் முதலில், அலறுகிறவர் அடுத்து, நடக்கிறவர் கடைசி. மயக்க மருந்து டாக்டர் அதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார். அப்புறம் அது விதி ஆகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி. முதுகு வரைக்கும் போயிற்று. பேனாவை மூடி வைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மைத்துனனிடம், "கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எமர்ஜென்சிக்கு நடந்து போனேன். அவன் நான் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது பின்னால் முக்கியமாகப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஏழு வருஷமாக என் மேஜையில்தான் வேலை. இந்த ஊரில் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. சண்டை போடவும் அவன்தான், சமாதானமாகப் போகவும் அவன்தான். எழுதி வைத்ததை மாற்றிச் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அதனால்தான் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் சர்ஜன் அம்மா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

"பித்தப்பைல கல்லு இருக்கு. அதுல ஒண்ணு கிளம்பி வந்து கணையத்தோட வாசல்ல மாட்டிக்கிச்சு. அதான் கணையம் வீங்கியிருக்கு. லேசான வீக்கம்தான். அந்தக் கல்லும் தானா இறங்கிடுச்சு. நாலு நாள்ல சரியாயிடுவீங்க."

"அப்புறம் டாக்டர்?"

"அப்புறம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பித்தப்பையை எடுத்துடணும். மிச்சக் கல்லு உள்ள இருக்கு. அது சும்மா இருக்காது. அடுத்தது வந்து மாட்டிக்கிட்டா இதே மாதிரி லேசா இருக்கும்னு சொல்ல முடியாது."

என் கேஸ் ஷீட்டில் 'இந்த அட்மிஷனிலேயே ஆபரேஷன்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த வரியை நான் நிறைய ஷீட்டில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் எந்தப் பத்தியில் போடுவது என்ற குழப்பம் வரும். தேதி வாங்கிய ஆளும் இல்லை, சாகக் கிடக்கிற ஆளும் இல்லை. வலி போய்விட்டது, உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அப்படிப்பட்டவர்களை வலது பத்தியில் கடைசி வரியில் போடுவேன். மேலே இருக்கிறவர்கள் முடிந்து நேரம் மிஞ்சினால் அவர்கள். நேரம் மிஞ்சியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வலி சுத்தமாக நின்றுவிட்டது. திங்கட்கிழமை லிஸ்ட்டில் பெயர் வந்தது. ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது. காலையில் பச்சை கவுன் மாட்டி உட்கார வைத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, இன்றைக்கு இல்லை என்று சொல்லி ரொட்டியும் டீயும் கொடுத்தார்கள். இரண்டு குடல்வால், மிஷினில் சிக்கின ஒரு கை. எல்லாம் நியாயமான கேஸ்கள். குறை சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். கவுன், காத்திருப்பு, ரொட்டி.

என் மனைவிக்குத் துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைப் பிடித்தாள்.

"டேய், மாமா பேரை மேல போடுடா."

"அக்கா, மாமா நடக்கிறாரு."

"படுக்கச் சொல்றேன். போதுமா?"

"காலைல நானே பாத்தேன் அக்கா. டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கிட்டு அவரா பாத்ரூம் போறாரு."

"அதுக்காக மனுஷன் பாத்ரூம்கூடப் போகக்கூடாதா?"

"போகலாம் அக்கா. அலறிக்கிட்டுப் போனா நான் மேல போட்டுடுவேன்."

"இவன் பேசறதைக் கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தாள். "உங்க வார்ப்பு. நல்லா வார்த்திருக்கீங்க."

"மாமா போட்ட ரூல் அக்கா. அவருக்கே மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"ஊரு நிக்கட்டும். உன் மாமா ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ இறங்கிட்டாரு. அவரோட பேன்ட்டெல்லாம் நான்தான் பிடிச்சுத் தைக்கணும்."

அவன் செய்வது சரி. மனசுக்குள் ஒரு ஓரத்தில் அவனைப் பாராட்டவும் தோன்றியது. வயிறு பாராட்டவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். மூக்கில் குழாய், கையில் இரண்டு டிரிப்ஸ். வந்ததும் வார்டின் தரையைக் குனிந்து பார்த்தார். "மட்டம் பாக்காமப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

புதன்கிழமை மூன்றாவது முறையாக ரொட்டி வந்தது. பின்னாலேயே சின்ன டாக்டர் ஒரு ஃபாரத்தோடு வந்தார்.

"சார், உங்களுக்கு வலி இல்ல. ரத்தம் எல்லாம் நார்மல். நாளைக்கும் லிஸ்ட்ல இடம் இருக்கிற மாதிரி தெரியல. வீட்டுக்குப் போயிட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்களேன். தேதி போட்டுத் தருவாங்க."

தேதி போட்டுத் தருகிறவன் நான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கவுனில் இருந்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான்.

ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். 'நோயாளி வீட்டுக்குச் செல்ல விரும்புகிறார்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"நான் விரும்பல டாக்டர். பசிக்குது. அவ்வளவுதான்."

"இந்த ஃபாரத்துல ரெண்டும் ஒண்ணுதான் சார்."

நல்ல பையன். பொய் சொல்லவில்லை. நான் பேனாவைத் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் தேடினேன். மூன்று நாள் பட்டினிக்கு அப்புறம் வீட்டுச் சமையலறையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. முதலில் தேதியை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று மைத்துனனுக்குப் போன் போட்டேன். ஆறு வாரம் என்று வாயில் சொன்னாலும், இடது பத்தி பதினொரு வாரத்துக்கு நிரம்பியிருந்தது எனக்குத் தெரியும். அந்த ஆறு வாரம் எண்ணத் தொடங்குகிற நாளை நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

போனை வைத்ததும் மேஸ்திரி கண்ணைத் திறந்தார்.

"சார், நீங்க தியேட்டர்லேருந்து போன்ல பேசறவரா?"

"ஆமா. ஏன்?"

"குரல் பிடிபட்டுச்சு. நேத்திலேருந்து எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." மூக்குக் குழாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "போன மாசம் இதே வலி வந்து இதே வார்டுல கிடந்தேன். லேசானதுதான்னாங்க. மூணு நாள் கவுன் மாட்டி உக்கார வெச்சாங்க. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்களுக்குப் போன் போட்டேன். 'மறுபடி வலி வந்துடாதுங்களா'ன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஆறு வாரந்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்'னீங்க."

எல்லாருக்கும் நான் அதைத்தான் சொல்வது. பத்து வருஷமாகச் சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கு ஒரு தெம்பு.

"கண்ணை மூடினேன் சார்" என்றார் மேஸ்திரி. "திறந்தா இங்க இருக்கேன்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

"இப்ப எடுத்துடுவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"இப்ப எடுக்கக் கூடாதாம். இந்தத் தடவை பெரிய வீக்கம். கணையத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்காம். அது வத்தின பிறகுதான் கத்தி வைக்கணுமாம். ஆறு வாரமோ அதுக்கு மேலயோ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீங்க சொன்ன கணக்கு இன்னிக்குத்தான் சரியா வருது."

சின்ன டாக்டர் இன்னும் ஃபாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். காலையில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். பிறகு மைத்துனனை மறுபடி கூப்பிட்டு, வேலை முடிந்ததும் கடைசி ஒரு வருஷத்து ரெஜிஸ்டர் இரண்டையும் எடுத்து வரச் சொன்னேன்.

"வெளிய எடுத்துட்டு வரக்கூடாதே மாமா."

"வார்டு வெளிய இல்லடா. ஒரே கட்டடம்."

அதை யோசித்துப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குக் கொண்டுவந்தான்.

எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் புது நம்பர் போடுவோம். அதனால் அவர் திரும்பி வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. புது ஆள் என்றுதான் இருக்கும். வேலை முடிந்து வந்திருந்த மனைவியும் சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். மனைவி பழைய ரெஜிஸ்டரில் பெயரைப் படிப்பாள், மைத்துனன் புதியதில் தேடுவான், நான் விரலை மடக்குவேன்.

"சர்ஜன் அம்மா இப்பவே எடுக்கணும்னு எழுதி, எடுக்காம வீட்டுக்குப் போனவங்க முப்பத்தி ஒரு பேர்" என்றான் மைத்துனன்.

"அதுல தேதிக்கு முன்னாடியே திரும்பி வந்தவங்க?"

"மேஸ்திரியைச் சேத்து ஆறு."

"இவரு ஒரு ஆளு பேருக்கு நேரா 'தேதி ரத்து'ன்னு எழுதியிருக்காரே, அது என்னது?" என்றாள் மனைவி.

என் கையெழுத்துதான். திரும்பி வந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். தீவிர சிகிச்சை வார்டில் ஒன்பது நாள் இருந்திருக்கிறார், அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. ஏன் ரத்து என்று எழுதுவதற்கு ரெஜிஸ்டரில் இடம் கிடையாது. நான் ரெஜிஸ்டரை மூடினேன். மைத்துனன் இரண்டு ரெஜிஸ்டரையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற "வரேன் மாமா"கூடச் சொல்லாமல் போனான்.

மறுநாள் காலை சர்ஜன் அம்மா ரவுண்ட்ஸ் வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"நீங்க இன்னும் போகலையா? வீட்டுக்குப் போக விரும்பறதா ஷீட்ல எழுதியிருக்கே."

"சின்ன டாக்டர் முன்கூட்டியே எழுதிட்டாரு. நான் விரும்பல."

"எனக்கு இதே தலைவலிதான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் போங்கன்னா யாரும் இருக்கறதில்ல. வலி நின்னதும் கிளம்பிடறாங்க."

"அவங்களாக் கிளம்பல டாக்டர். நான்தான் கிளப்பறேன்."

அவர் கையில் இருந்த ஷீட்டை மூடினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலது பத்தி, கடைசி வரி, மூன்று நாள் பட்டினி, அப்புறம் ஃபாரம். மூன்று நாள் பட்டினி போட்டால் யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போகத்தான் விரும்புவார்கள் என்றும் சொன்னேன். முப்பத்தி ஒன்றையும் ஆறையும் சொன்னேன். ரத்து ஆன தேதியையும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"நீங்க இங்க வந்ததிலேருந்து. நாலு வருஷம்."

"நாலு வருஷமா ஒவ்வொரு மீட்டிங்லயும், பேஷன்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்கன்னு பேசிக்கிட்டு இருக்கேன்."

"தெரியும் டாக்டர். மீட்டிங் ரூமை நான்தான் புக் பண்றது."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க மேல நான் மேலிடத்துக்கு எழுதணும்."

"எழுதுங்க டாக்டர்."

"முதல்ல ஆபரேஷன், அப்புறம் எழுதறேன். அந்த வரிசையாவது சரியா இருக்கட்டும்." சின்ன டாக்டரிடம் திரும்பினார். "நாளையிலேருந்து இடது பத்தில முதல் இடம் இந்த மாதிரி கேஸுக்கு. யாரும் இல்லன்னாத்தான் மத்தவங்க. தேதி வாங்கினவங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும். போன்ல சொல்லிடுங்க."

போனில் சொல்வது என் மைத்துனன் வேலை. வெள்ளிக்கிழமை முதல் இடத்தில் ஒரு தபால்காரர் இருந்தார். குடலிறக்கம், நாலு மாசமாகக் காத்திருப்பவர். அரை மணி நேரத்தில் மைத்துனன் வார்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, நான் யாரையும் தள்ளினதில்ல. எனக்கு வார்த்தை வரல."

"நம்பரைக் கொடு."

கட்டிலில் இருந்தபடியே போட்டேன். தபால்காரர் இரண்டாவது மணியில் எடுத்தார்.

"ஐயா, நாளைக்கு உங்களுக்கு வெச்ச ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளலாமான்னு கேக்கறதுக்காகப் பேசறேன். இப்ப வலி ஏதாவது இருக்குங்களா? வீக்கம் உள்ள போகாம நிக்குதா?"

"வலி இல்ல. படுத்தா தானா உள்ள போயிடுது. யாருக்காகத் தள்ளணும்? விபத்தா?"

விபத்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லைங்க. எனக்காக."

"நீங்க யாரு?"

"லிஸ்ட் போடறவன்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"லிஸ்ட் போடறவர் எதுக்குய்யா என்னைக் கேக்கறீங்க? எழுதிக்க வேண்டியதுதானே."

"கேட்டுட்டு எழுதலாம்னு."

"நல்லா இருக்கு. நாலு மாசம் யாரும் கேக்கல." பெருமூச்சு விட்டார். "பத்து நாள். பதினொண்ணாவது நாள் காலைல ஆறு மணிக்கு நான் பையோட உங்க மேஜை முன்னாடி நிப்பேன். இன்னொரு தரம் ஒதுங்கிப் போகவும் மாட்டேன்."

"வாங்கய்யா."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். படுத்துக்கொண்டு பார்க்கும்போது என் மேஜை ரொம்ப உயரமாக இருந்தது. மைத்துனன் எழுந்து நின்று என் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டான். மயக்க மருந்து டாக்டர், "லிஸ்ட்டுக்காரரே, ஒண்ணுலேருந்து எண்ணுங்க" என்றார். நான் மூன்று வரை போனேன்.

கண் விழித்தபோது வயிற்றில் நாலு சின்ன ஒட்டு. பித்தப்பை இல்லை. மனைவி ஒரு சின்ன பாட்டிலில் இருந்த கற்களைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு அட்டகாசம்" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி கேட்டார்.

"எனக்கு எப்ப சார்?"

"தெரியல மேஸ்திரி. தண்ணி வத்தணும். ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொன்னாத்தான்."

"போன்ல பேசறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே."

"போன்ல எனக்கு வலி இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "வாரம் ஒரு தரம் நீங்க கூப்பிடுங்க. நான் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிட்டது போதும்."

"வியாழக்கிழமை கூப்பிடறேன்."

"இவரு மறந்தா நான் கூப்பிடறேண்ணே" என்றாள் என் மனைவி.

"நீங்க வேணாம்மா. இவரே பேசட்டும்."

மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு இல்லை, வேலை உண்டு. சுவரில் இருந்த தாளை மைத்துனன் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினான். அதில் மயக்க மருந்து டாக்டரோடு சர்ஜன் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தார், படித்துப் பார்த்துவிட்டு.

நான் வியாழக்கிழமைதோறும் கூப்பிட்டேன். முதல் மூன்று வாரம் மேஸ்திரி வார்டிலேயே இருந்தார். பக்கத்து மாடிதான், இருந்தாலும் போனில்தான் பேசினோம். "வத்தலை சார்" என்பார். "சரி" என்பேன். நாலாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது வாரம் அவர் போனை எடுக்கவில்லை. நான் அன்றைக்கு எட்டு தடவை போட்டேன், மைத்துனன் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தான். சாயங்காலம் எடுத்து, போனை மருமகள் சார்ஜில் போட மறந்துவிட்டாள் என்றார். அவளைத் திட்டாதீர்கள் என்று சொன்னேன். ஏற்கனவே திட்டியாயிற்று என்றார்.

ஒன்பதாவது வியாழக்கிழமை அவர் குரல் மாறியிருந்தது.

"வத்திடுச்சு சார். நேத்து ஸ்கேன்ல பாத்துட்டு, சர்ஜன் அம்மா எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க."

"சீட்டு இப்பதான் என் கைக்கு வந்துச்சு மேஸ்திரி. திங்கக்கிழமை காலைல எட்டு மணி. முதல் ஆள் நீங்கதான்."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமையா?" என்றார். "ஒரு பாத்ரூம் தரை ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சுட்டேன் சார். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் வந்த முதல் வேலை. ஒரு வாரம் தள்ளலாமா?"

"முடியாது."

"ஒரே வாரம் சார். உடம்பு நல்லாத்தான் இருக்கு. வலியே இல்ல."

"வலி இல்லாதப்பதான் வரணும்."

"பாதில விட்டா மட்டம் போயிடும் சார்."

"போகட்டும் மேஸ்திரி. திரும்பப் போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்து படுத்துடுங்க."

அவர் முனகினார். பிறகு, எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டார். ஐந்து மணி என்றேன். மைத்துனன் இடது பத்தியில் அவர் பெயரை எழுதினான். நான் போனை வைக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்காரரிடம் வேலை நிற்கப் போவதைச் சொல்லி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.